ஆய்வேட்டிலிருந்து ஆய்விதழ்க் கட்டுரை: பீடி சுற்றும் வீடுகளின் பிள்ளைகளைப் பற்றிய கைப்பிரதி, ஆலோசனை தேவை

முக்கூடல் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். பகுதிநேரமாகக் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டது. பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் தமிழ் வாசிப்பில் எந்த நிலையில் இருக்கிறார்கள், வீட்டில் அவர்களுடைய நேரம் எப்படிக் கழிகிறது என்பதுதான் பொருள். இதிலிருந்து ஒரு கட்டுரை எடுத்து நல்லதோர் ஆங்கிலக் கல்வி ஆய்விதழுக்கு அனுப்ப விரும்புகிறேன்.

ஆய்வேடு இருநூறு பக்கங்களைத் தாண்டும். இதழோ அட்டவணை, மேற்கோள் பட்டியல் எல்லாம் சேர்த்து 8,000 சொற்களுக்குள் கேட்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) ஏழாம் பதிப்பு நடை, ஆசிரியர் பெயர் மறைத்த மதிப்பீடு. நான்காம் இயலை அப்படியே எடுத்து, முன்னால் ஒரு முன்னுரையும் பின்னால் ஒரு முடிவுரையும் வைத்துப் பார்த்தேன். படித்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. 'வேறுபாடு இல்லை' என்று எடுத்துக்கொண்டு சோதிக்கும் இன்மைக் கருதுகோள்கள் பதினான்கு இருக்கின்றன. எதை விடுவது? இன்னொன்று: தெரிந்தவர் ஒருவர், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ் ஒன்று இருக்கிறது, எதற்கு இத்தனை பாடு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

சமாதானபுரம்

டீச்சர், வாழ்த்துகள். சில கல்வி இதழ்களுக்கு மதிப்பீட்டாளராக இருக்கிறேன். வந்து குவியும் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை நீங்கள் செய்து பார்த்ததைத்தான் செய்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆய்வேட்டைப் படிக்கிறவர் தேர்வாளர். எல்லாவற்றையும் முறைப்படி செய்தீர்களா என்று பார்ப்பது அவர் வேலை. கட்டுரையைப் படிக்கிறவர் உங்களை அறியாத ஒருவர். எனக்குத் தெரியாத எதை இவர் சொல்லப்போகிறார் என்றுதான் அவர் பக்கத்தைப் புரட்டுவார். நம் பக்கத்து எம்.எட்., முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடு உண்டு: ஆண் பெண், நகரம் கிராமம், அரசு உதவிபெறும் தனியார், தந்தையின் கல்வி, தாயின் தொழில். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்மைக் கருதுகோள், ஓர் அட்டவணை, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று ஒரு வரி. அந்தப் பதினான்கில் எந்த ஒன்று உங்களைத் தூங்கவிடாமல் செய்ததோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பதின்மூன்றும் ஆய்வேட்டில் பத்திரமாக இருக்கின்றன, தொலைந்துபோகாது.

முன்னாய்வுப் பகுதியை முற்றிலும் புதிதாக எழுதுங்கள். 'இந்தியாவில் நடந்த ஆய்வுகள்', 'வெளிநாட்டில் நடந்த ஆய்வுகள்' என்று பிரித்து, ஓர் ஆய்வுக்கு ஒரு பத்தி என்று அடுக்கினால் எந்த இதழும் ஏற்காது. வீட்டு வேலைக்கும் வாசிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்ற வரிசையில் போங்கள். கல்வியின் பெருமையைப் பேசும் முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். கல்வி இதழைப் படிக்கிறவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எழுதும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் முறையியலும் அட்டவணைகளும், அப்புறம் முடிவுகள், அப்புறம் விவாதம். முன்னுரை அதற்குப் பிறகு. தலைப்பும் சுருக்கமும் கடைசி. சுருக்கம் பெரும்பாலும் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். பலர் அதை மட்டும்தான் படிக்கப்போகிறார்கள், ஆகவே கண்டுபிடிப்பு அதற்குள் வந்தாக வேண்டும். 'முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன' என்று முடிகிற சுருக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

பேட்டை அண்ணாச்சி

சமாதானபுரம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். புள்ளியியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தப் பக்கத்தை நான் பார்க்கிறேன். டீச்சர், மாதிரியை எப்படி எடுத்தீர்கள்? குலுக்கல் போல எல்லோருக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து எடுக்கும் 'எளிய சமவாய்ப்பு முறை' என்று எழுதியிருக்கிறீர்களா?

முக்கூடல் டீச்சர்

அண்ணாச்சி, ஆய்வேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். அனுமதி கொடுத்த பள்ளிகளுக்குப் போனேன். தலைமையாசிரியர் எந்தப் பிரிவைக் காட்டினாரோ அந்தப் பிரிவில் அன்று வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் மாதிரியில் வந்தார்கள். எந்தப் பிள்ளை பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை என்பதை, தொழிலாளர் நல நிதியின் கல்வி உதவித்தொகைக்குப் பள்ளியில் வைத்திருந்த பட்டியலைக் கொண்டு பிரித்தேன்.

பேட்டை அண்ணாச்சி

அப்படியானால் இங்கே எழுதியதை அப்படியே கட்டுரையிலும் எழுதுங்கள். அனுமதி கிடைத்த பள்ளிகள், அவற்றில் முழு வகுப்புகள். சமவாய்ப்பு என்ற சொல் கட்டுரையில் எங்குமே வரக்கூடாது. மாதிரியின் குறையைச் சொன்னதற்காக ஒரு கட்டுரை விழுவதில்லை. மறைத்தது தெரியவந்தால் கட்டாயம் விழும்.

உங்கள் உதவித்தொகைப் பட்டியலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொழிலாளர் அட்டை இல்லாமல், இன்னொருவர் பெயரில் இலை வாங்கிச் சுற்றும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் உங்கள் கணக்கில் மற்ற வீட்டுப் பிள்ளைகளாகப் போயிருப்பார்கள். அதனால் இரண்டு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியலாம். இதை விவாதப் பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: அதே ஆசிரியர், அதே ஊர், அதே நூலக அலமாரி. உதாரணத்துக்கு 12 பள்ளிகள், பள்ளிக்கு 25 பிள்ளைகள், மொத்தம் 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஒப்புமைக் கெழு 0.20 என்றால், 1 + (25 − 1) × 0.20 = 5.8. முன்னூறை இதால் வகுத்தால் ஏறத்தாழ 52. அதாவது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் எதையேனும் பற்றிப் பேசும்போது உங்கள் கையில் இருப்பது முன்னூறு பிள்ளைகளின் பலமல்ல, ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் பலம். பீடி வீட்டுப் பிள்ளையும் மற்ற வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால் அந்த ஒப்பீட்டில் இவ்வளவு இழப்பு வராது. ஆனாலும் பள்ளியைக் கணக்கில் சேர்க்காமல், இரு குழுக்களின் சராசரியை மட்டும் ஒப்பிடும் வெறும் டி-சோதனையை இன்றைய கல்வி இதழ்கள் ஏற்கத் தயங்கும். பிள்ளை, பள்ளி என்ற இரு மட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடும் பல்மட்டப் பகுப்பாய்வு தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போடுங்கள். தரவு உங்களிடம்தானே இருக்கிறது.

சின்னச் சின்னத் திருத்தங்களும் உண்டு. அட்டவணைக்குக் கீழே '5 விழுக்காடு மட்டத்தில் டி-யின் அட்டவணை மதிப்பு 1.96' என்ற அடிக்குறிப்பு நம் ஊர் ஆய்வேடுகளின் முத்திரை. அதை எடுத்துவிட்டுத் துல்லியமான பி மதிப்பைக் கொடுங்கள் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு அது). மென்பொருள் .000 என்று அச்சிட்டால் அதை அப்படியே ஒட்டக்கூடாது; .001-ஐவிடக் குறைவு என்று எழுத வேண்டும். வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லும் விளைவின் அளவும், அது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியும் கட்டாயம். வேறுபாடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எவ்வளவு என்று சொல்லாமல் நிறுத்தினால் படிக்கிறவர் என்ன செய்வார்?

களக்காட்டு ஆய்வாளர்

அண்ணாச்சியின் கணக்கைப் படித்ததும் என் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றுகிறது, நன்றி. நான் சொல்ல வந்தது மாவட்டத்தைப் பற்றி. டீச்சர், உங்கள் பள்ளிகளில் ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பள்ளிகளும் இருக்குமே? 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. முக்கூடல் திருநெல்வேலியில், ஆலங்குளம் தென்காசியில். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் பிரியாத மாவட்டத்துக்கு உரியவை. இன்றும் பல கட்டுரைகளில் 'திருநெல்வேலி மாவட்டம், மக்கள்தொகை 30.77 லட்சம்' என்று 2011-ஐ எடுத்துப் போட்டுவிட்டு, பள்ளி விவரத்தை மட்டும் புதிய மாவட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒட்டாது. தரவு சேகரித்த ஆண்டையும், எந்த எல்லையைக் கொண்டு மாவட்டம் என்கிறீர்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் தெளிவாக்கிவிடுங்கள்.

வெளியூர் வாசகருக்கு ஒரு பத்தியில் இந்த நிலத்தையும் காட்ட வேண்டும். 'தாமிரபரணி பாயும் செழிப்பான மாவட்டம்' என்று எழுதினால் ஆற்றங்கரை நெல்வயல்தான் மனத்தில் வரும். பாசனம் எட்டாத மானாவாரி ஊர்களில் பெண்களுக்கு வீட்டிலிருந்தபடி கிடைக்கும் கூலி வேலை பீடிதான் என்பது அந்தப் பத்தியில் இருந்தால்தான் உங்கள் கேள்வியே புரியும்.

நாங்குநேரி மாஸ்டர்

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. நான் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் விரிவுரையாளர். நேர்காணலில் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கட்டுரை என்பதுதான். என்ன கட்டுரை என்று யாரும் கேட்பதில்லை. நல்ல இதழில் முதல் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகிறது. குடும்பம் இருக்கிறது, ஒப்பந்த வேலை. இப்படிப்பட்டவர்கள் பணம் கட்டி வெளியிடுவதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். பட்டத்துக்கும் கட்டுரை வேண்டும் என்கிறார்கள்.

சமாதானபுரம்

மாஸ்டர், உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இந்த நெருக்கடியை உண்டாக்கியவர்கள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. ஆனால் விதிகள் மாறியிருக்கின்றன, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறையில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கலாம். அதை அவரவர் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். தரமான இதழ்கள் என்று அதே குழு 2019-இல் வெளியிட்ட கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே 'கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை இனி நம்பவே முடியாது. இதழின் தரத்தை நாமேதான் பார்க்க வேண்டும்.

பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் நேர்மையான இதழ்கள் உண்டு. அதேபோலச் சந்தா இதழ்கள் பலவும் ஆசிரியரிடம் ஒரு பைசா கேட்பதில்லை. பார்க்க வேண்டியவை வேறு. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா? சென்ற இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளைப் படித்தால் யாரோ திருத்தியதற்கான அடையாளம் தெரிகிறதா? பொறியியல், சித்த மருத்துவம், கல்வியியல் எல்லாம் ஒரே இதழில் வருகின்றனவா? இரண்டு நாளில் ஏற்பு என்று உறுதி கொடுத்தால் மதிப்பீடு நடக்கவில்லை என்று பொருள். பெயர் பெற்ற இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தேடுபொறி காட்டும் முதல் முகவரியை நம்பாமல் பதிப்பகத்தின் தளத்திலிருந்து உள்ளே போங்கள். திறந்த அணுக்க இதழ் என்றால் அத்தகைய இதழ்களின் இணைய அடைவான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடிப் பார்க்கலாம்.

டீச்சருக்கு: என்.சி.இ.ஆர்.டி.யின் 'இந்தியன் எஜுகேஷனல் ரிவ்யூ'வையும் பாருங்கள். வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினாலும் சரிதான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுக்கு அனுப்பக்கூடாது. முதல் இதழ் மறுத்த பிறகுதான் அடுத்தது.

நாங்குநேரி மாஸ்டர்

2022 மாற்றம் எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்துவிட்டு வருகிறேன். வேலைக்கான நேர்காணல் என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

கடையம் மகள்

நான் ஆய்வாளர் இல்லை. டீச்சரின் தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் அம்மா பீடி சுற்றித்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். இப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறேன்.

டீச்சர், பிள்ளைகளிடம் 'வீட்டில் தினமும் எத்தனை மணி நேரம் படிக்கிறாய்' என்று கேட்டிருந்தால் அந்தப் பதிலால் ஒன்றும் தெரியாது. வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஊறவைத்த இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு அம்மா சுற்றுவார். பிள்ளைகளுக்கு வருவது முனை மடக்குவதும், இருபத்தைந்து எண்ணிக் கட்டுப் போடுவதும். எங்கள் ஊரில் சுற்றிய பீடியை மாலையில்தான் பீடிக் கடைக்குக் கொடுக்க வேண்டும். கடை நேரம் நெருங்க நெருங்க வீட்டில் எல்லோருடைய கையும் வேண்டும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து கடைக்குப் போகிறவரை புத்தகத்தைத் தொட முடியாது. அதற்குப் பிறகு நேரம் உண்டு, ஆனால் கண் சொக்கும். கடை நேரம் காலையில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளின் மாலைப் பொழுது வேறு மாதிரி இருக்கும். மணிக்கணக்கைவிட இந்த வேறுபாடு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு வேண்டுகோள். ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். 'மொத்தம் இத்தனை வீடுகள் உள்ள இந்தத் தெருவில்' என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். பிள்ளை வேலை செய்தான் என்று அச்சில் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய்தான்.

முக்கூடல் டீச்சர்

அக்கா, இதை வாய்மொழித் தேர்வில் யாரும் சொல்லவில்லை. என் வினாத்தாளில் மணிக்கணக்குக் கேள்வி இருக்கிறது. ஆனால் அதோடு, பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும்வரை என்னென்ன செய்தாய் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிய நேரக் குறிப்பும் இருக்கிறது. ஆய்வேட்டில் அதைப் பின்னிணைப்பில் வைத்துவிட்டேன். கடை நேரம் எது என்பதை அதிலிருந்து ஊர்வாரியாக எடுக்க முடியும்.

பேட்டை அண்ணாச்சி

அதுதான் உங்கள் கட்டுரை, அம்மா. பின்னிணைப்பில் கிடப்பதை நடுவில் கொண்டுவந்து வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கடை நேரம் ஊருக்கு ஒன்று என்றால் அது பள்ளி அளவிலான மாறி. நான் மேலே சொன்ன 5.8 கணக்கு இங்கே முழு வீச்சில் வந்து நிற்கும். மாலைக் கடை ஊர் எத்தனை, காலைக் கடை ஊர் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். ஊர்கள் குறைவு என்றால் புள்ளியியல் முடிவைப் பெரிதாகப் பேசாமல், நேரக் குறிப்புகளை விவரிப்பாகக் கொடுத்து எண்களைத் துணைக்கு வைக்கலாம். அதுவும் மதிப்புள்ள கட்டுரைதான்.

களக்காட்டு ஆய்வாளர்

கடையம் அக்கா சொன்னதோடு சேர்த்து ஒழுங்குமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், பிள்ளையிடமும் தனியாகச் சம்மதம் கேட்டதாகக் காட்ட வேண்டும். தலைமையாசிரியரின் கையெழுத்து இவை இரண்டுக்கும் ஈடாகாது. எப்படி வாங்கினீர்கள், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு யார் படித்துக் காட்டினார்கள் என்பதையும் ஓரிரு வரியில் எழுதுங்கள்.

ஆய்வேடு இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியிருந்தால், மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையில் உங்கள் வாக்கியங்களே சிவப்பாக வரும். பயப்பட வேண்டாம். கட்டுரை எந்த ஆய்வேட்டிலிருந்து வருகிறது என்பதை ஆசிரியர் குறிப்பிலும் பதிப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்திலும் சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் 10 விழுக்காடு வரை உள்ள சிறு ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. மேற்கோள் பட்டியலும் உரிய முறையில் மேற்கோளிட்ட பகுதியும் கணக்கில் சேராது. ஆனால் அந்த எண்ணைக் குறைப்பதற்காகச் சொல்லை மட்டும் மாற்றிப் போடும் வேலை வேண்டாம். சமாதானபுரம் சொன்னபடி புதிதாக எழுதினால் அது தானாகக் குறையும்.

ஆங்கிலத்தைச் செப்பமிட செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் இதழ் கேட்கும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கருவியை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிக் குழுவான கோப் 2023-இலேயே சொல்லிவிட்டது. அது தரும் மேற்கோள்களை மூலத்தில் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள்.

முக்கூடல் டீச்சர்

நெறியாளர் பெயரை எங்கே போடுவது? பல்மட்டப் பகுப்பாய்வுக்கு உதவ ஒரு தோழி ஒத்துக்கொண்டிருக்கிறாள். கல்லூரி முதல்வர் பெயரையும் சேர்ப்பது வழக்கம் என்கிறார்கள்.

சமாதானபுரம்

நெறியாளர் ஆய்வை வடிவமைத்ததில் பங்கெடுத்து, கைப்பிரதியைப் படித்துத் திருத்தி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பும் ஏற்றால் அவர் இணையாசிரியர். தோழிக்கும் அதே அளவுகோல்தான். கணக்கை மட்டும் ஓட்டிக் கொடுத்தால் நன்றியுரையில் வருவார், கணக்கின் பொருளை உங்களோடு உட்கார்ந்து எழுதினால் ஆசிரியர். முதல்வர் அனுமதி கொடுத்தார் என்றால் நன்றியுரைதான் அவருக்கு உரிய இடம். பெரியவர்களிடம் இதைச் சொல்வது நம் ஊரில் எளிதல்ல என்று அறிவேன். இதழே ஒவ்வோர் ஆசிரியரின் பங்கையும் எழுதிக் கேட்கிறது என்று அந்தப் படிவத்தைக் காட்டிப் பேசுங்கள், கசப்பு வராது.

முக்கூடல் டீச்சர்

எல்லோருடைய ஆலோசனையையும் வைத்துக்கொண்டு திரும்பவும் எழுதியிருக்கிறேன். பள்ளிகளுக்கு எண் கொடுத்துவிட்டேன், ஊர்ப் பெயர் இல்லை. ஆய்வேட்டின் தலைப்பு, 'தேர்ந்தெடுத்த சில மாறிகளோடு தொடர்புபடுத்திப் பீடித் தொழிலாளர் குழந்தைகளின் வாசிப்பு அடைவு பற்றிய ஓர் ஆய்வு'. இப்போதைய தலைப்பின் தமிழ் வடிவம்: 'வீட்டில் பீடி சுற்றும் வேலையின் நேர ஒழுங்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை எப்படிப் பாதிக்கிறது: தென் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு'. சுருக்கத்தின் முதல் வரி: 'வீட்டு வேலையையும் கல்வியையும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பிள்ளை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்று எண்ணுகின்றன, இக்கட்டுரை அந்த வேலை நாளின் எந்தப் பொழுதில் விழுகிறது என்று கேட்கிறது.' சரியாக இருக்கிறதா?

கடையம் மகள்

அந்த முதல் வரி எங்கள் வீட்டைச் சொல்கிறது, டீச்சர்.

பேட்டை அண்ணாச்சி

முதல் வரியைத் தொடாதீர்கள். தலைப்பில் 'எப்படிப் பாதிக்கிறது' மட்டும் வேண்டாம். நீங்கள் ஒரே ஒரு முறை அளந்திருக்கிறீர்கள்; மாலைக் கடை ஊர்கள் வேறு பல விதங்களிலும் காலைக் கடை ஊர்களிலிருந்து வேறுபட்டிருக்கலாம். பாதிப்பு என்று சொல்ல அந்தத் தரவு போதாது. 'வீட்டில் பீடி சுற்றும் வேலையின் நேர ஒழுங்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பும்' என்று வையுங்கள். உள்ளேயும் 'காரணம்', 'விளைவு' என்று வரும் இடங்களைத் தேடிப் பார்த்துத் 'தொடர்பு' என்று மாற்றுங்கள்.

சமாதானபுரம்

அண்ணாச்சி சொன்னதைச் செய்த பிறகு, பெயர் மறைத்த பிரதியை இன்னொரு முறை பாருங்கள். நன்றியுரை, ஒப்புதல் கொடுத்த குழுவின் பெயர், 'எனது ஆய்வேட்டில்' என்று வரும் வரிகள் எல்லாம் தனித் தலைப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். கோப்பின் பண்புகள் பகுதியில் உங்கள் பெயர் ஆசிரியராகப் பதிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். உரைக்குள் வந்த ஒவ்வொரு மேற்கோளும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரைக்குள் வந்திருக்கிறதா என்று அச்செடுத்த தாளில் பேனாவால் குறித்துப் பாருங்கள். திரையில் பார்த்தால் தப்பிவிடும். பதிப்பாசிரியருக்கான கடிதம் ஒரு பக்கம் போதும்: கேள்வி என்ன, கண்டது என்ன, இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும், ஆய்வேட்டிலிருந்து வந்தது, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. கடிதத்தின் வரைவை இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன்.